வேற மாத்திரை
வில்லியனூர் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் அறையில் காலை வெயில் மேசையின் பாதி வரை வந்து கிடக்கிறது. கலைவேந்தனுக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி இருப்பதாகச் சொல்லும் ரிப்போர்ட்டின் ஓரத்தை மின்விசிறி தூக்கித் தூக்கிப் போடுகிறது. "மூணு மாசம் மாத்திரை போட்டா பெரும்பாலும் சரியாயிடும். வேற மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களா?" என்கிறார் டாக்டரம்மா. "இல்ல மேடம்" என்கிறான். கதவு திறந்தே இருக்கிறது; பேச்சு கேட்கும் தூரத்தில், வாசல் பெஞ்சில் அவனோடு சேதராப்பட்டு கம்பெனியில் வேலை செய்பவர் உட்கார்ந்திருக்கிறார். அவன் பக்கத்தில் நிற்கும் மனைவி ஜெயசுதா, பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைக்கிறாள். "பைபோலார்னு சொன்னாங்க மேடம். ஆறு வருசமா இத போடுறாரு." அவன் காது மடல் சூடாகிறது. அட்டையைத் திருப்பிப் படித்த டாக்டரம்மா, இதோடு சேர்ந்தால் ஈரல் மாத்திரை வேலை செய்யாது, மனநல டாக்டர் முதலில் இதை மாற்றித் தர வேண்டும் என்கிறார்.

ஜெயசுதா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். இந்த மாத்திரைக்கு முன்பு ஒருமுறை ஐந்து நாள் தூங்காமல் திரிந்தவன், திருவிழாவில் ஊருக்கெல்லாம் குத்திய ஒரே ஊசியில் அவள் பெயரைப் பச்சை குத்திக்கொண்டு வந்தான். வீட்டுக்குள் கூப்பிட்டவளைத் தெருவே பார்க்கப் பிடித்துத் தள்ளினான். அவள் முழங்கையில் அன்று விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அவன் அதைத்தான் பார்க்கிறான். "மாத்துனா திரும்ப அப்படி ஆயிடுவியா?" என்று மெதுவாகக் கேட்கிறாள். "தெரியல" என்றவன் டாக்டரம்மாவிடம் திரும்புகிறான். "அந்த டாக்டருக்கு எழுதிக் குடுங்க மேடம், இன்னிக்கே போய்ப் பாக்குறோம்." பிறகு ஜெயசுதாவின் முகத்தைப் பார்க்காமல் அவளிடம் சொல்கிறான்: "ஒரு ராத்திரி நான் தூங்கலன்னாலும் உங்க அண்ணனுக்கு போன் போடு. போடாதடின்னு நான் கத்துவேன். அப்பவும் போடு."