தூளி இடம் மாறிய காலை

நிலநடுக்கம் நின்றுவிட்டது. குவாத்தமாலா மலைச்சரிவில், புழுதி மண்டிய தன் சமையலறையில், எட்டு மாதக் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு நிற்கிறாள் எலோடியா. கிழக்குச் சுவர் சரிந்து மண்மேடாகக் கிடக்கிறது. கல்லில் சோள ரொட்டி கருகுகிறது. திருப்பிப் போடக் கை வரவில்லை. குழந்தையின் தூளி அந்தச் சுவரோரம்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை முகத்தில் வெயில் அடிக்கிறதே என்று சற்றுமுன்தான் அவிழ்த்து இந்தப் பக்கம் கட்டினாள். பக்கத்து வீட்டு பசிலியா மூச்சிரைக்க ஓடிவருகிறாள். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையேடி?" எலோடியா தூளியைக் காட்டி நடந்ததைச் சொல்கிறாள். பசிலியா சிலுவைக்குறி போட்டுக்கொள்கிறாள். "கடவுள் காப்பாத்திட்டாருடி. இன்னும் ஏன் இப்படி நடுங்குற?" எலோடியாவின் குரல் தானாகத் தணிகிறது. "அதான்க்கா பயமா இருக்கு. இவ்வளவு கிட்டவா நின்னுட்டிருந்தாரு? நான் பாட்டுக்கு ரொட்டி தட்டிக்கிட்டு, சனியன் பிடிச்ச வெயில்னு திட்டிக்கிட்டு இருந்தேனே."