ஜோடி வால்வு

"ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கர் அமுங்கிக் கேக்குது. ஆம்ப்ளிஃபயர்ல வால்வு தேஞ்சிடுச்சு" என்றார் குராமொச்சி.

"எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தாங்க கேக்குது" என்றாள் மனைவி சுமியே.

"உன் காதுக்குத் தெருவுல டோஃபு விக்கறவன் ஊதற ஊதலும் கச்சேரிதான்!"

எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான அகிஹாபாராவுக்கு ஓடி இரண்டு வால்வு வாங்கி வந்தார்.

"தேஞ்சது ஒண்ணுதானே, எதுக்குங்க ரெண்டு?"

"ஜோடியாத்தான் மாத்தணும். பழசும் புதுசும் ஒத்துப்போகாது."

மாற்றினார். ஜன்னல் பக்கம் அப்படியேதான் அமுங்கியது. வால்வுகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினார். ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினார். அப்போதும் ஜன்னல் பக்கம்தான்!

சுமியே அவருடைய நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். "இப்ப ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உக்காந்து கேளுங்க."

கேட்டவர் துள்ளினார். "அட, இப்ப கதவுப் பக்கம் அமுங்குது! கோளாறு இடம் மாறிடுச்சு!"

"ஸ்பீக்கர் வச்ச இடத்துலயேதான் இருக்கு. திரும்பினது உங்க காதுதான்."

மறுநாள் காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். "இடது காதுதான் மந்தம். அதுக்கு மட்டும் ஒரு மெஷின் போட்டாப் போதும்."

குராமொச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன டாக்டர், தொழில் தெரியாமப் பேசறீங்க? போட்டா ஜோடியாத்தான் போடணும்!"