பாதியில் எழுந்தவள்

சரியாகக் கைதட்டல் எழுந்த நேரம் பார்த்துத்தான் செல்வகுமாரி எழுந்து வெளியே போனாள். அதுவும் முன்வரிசையிலிருந்து. மேடையில் பேசிக்கொண்டிருந்தது அவள் கணவன்.

பாகூர் கல்யாண மண்டபமே திரும்பிப் பார்த்தது. நவீன்குமார் சொன்னதையே திரும்பச் சொன்னான்.

எந்த மருந்தை வாங்கலாம், எந்தச் சிகிச்சைக்கு அரசு செலவு செய்யலாம் என்று அலசிச் சொல்ல நம் நாட்டிலும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் விதத்தை ஒப்பிட்டு ஆராய்ந்து நவீன்குமார் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தான். நம்ம ஊர்ப் பையனாச்சே என்று பாராட்டு விழா வைத்தார்கள். பட்டம் வந்ததிலிருந்து வீட்டில் காபி கேட்பதைக்கூடச் சொற்பொழிவாகக் கேட்கிறவன், மைக் கிடைத்தால் விடுவானா?

"இலங்கையைப் பார்த்தேன், பூட்டானைப் பார்த்தேன், நம்ம நாட்டையும் பார்த்தேன். தாய்லாந்துல, எதை ஆராயணும்னு நோயாளிகளும் சொல்லலாம். எங்க போனாலும் என் கேள்வி ஒண்ணுதான். உடம்பு யாரோடதோ, அவங்களைக் கேட்டீங்களா?"

அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

எப்படியோ பேசி முடித்து இறங்கினான். விழா ஏற்பாடு செய்த நண்பன் புகழ்வேந்தன் ஓடி வந்தான்.

"இன்னாடா நவீனு, தங்கச்சி பாதியில எழுந்து பூட்டாங்க? எம்.எல்.ஏ. ஆளுங்க கேக்கறாங்க."

"அவளுக்கு ரெண்டு மாசமா உடம்பு சரியில்லடா."

அம்மா விருத்தாம்பாள் விடவில்லை. "ஊரே கை தட்டுது. புருஷன் பெருமை இவளுக்கு மட்டும் பொறுக்கல. கூட்டினு வராதன்னு நான் அப்பவே சொன்னேன்."

நவீன்குமாருக்கு மானம் போனது போலிருந்தது. விடுவிடுவென்று வெளியே வந்தான்.

செல்வகுமாரி பைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னும் பத்து நிமிஷம் உக்கார முடியாதா உன்னால? அத்தனை பேர் முன்னாடி எனக்கு எவ்ளோ அசிங்கம் தெரியுமா?"

அவள் மண்டப வாசலையே பார்த்தாள்.

"கேக்கறவங்களுக்கு நான் இன்னான்னு பதில் சொல்றது? சொல்லு."

"எம் பக்கத்துல டாக்டரம்மா உக்காந்திருந்தாங்க."

"எந்த டாக்டரம்மா?"

"எனக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்களே, ஜோஸ்பின் டாக்டர். அவங்கதான்."

பைக்கில் சாவியைப் போடப் போன கை அப்படியே நின்றது. உள்ளே போர்த்திவிட்ட சால்வை இன்னும் அவன் தோளில் கிடந்தது. அவசரமாக அதை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சமயம் பாத்து உங்கிட்ட சொல்லலாம்னுதான்..." என்று இழுத்தான்.

"திங்கக்கிழமை வெறும் வயித்தோட வந்துடும்மான்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். உங்க வூட்டுக்காரரும் மாமியாரும் போன வாரமே சரின்னுட்டாங்களே, தெரியாதான்னாங்க."

அவள் அவனை நேராக நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குக் கர்ப்பப்பையை எடுக்கப் போறாங்கன்றது, எனக்கு மட்டும்தாங்க தெரியல."