மூன்றாவது லோடு

"சூடு காணாது. ரோட்டுக்கு ஆகாது. வேற இடத்தில கொட்டும்!"

தார்க்கல்லுக்குள் செருகியிருந்த தெர்மாமீட்டரை உருவித் துடைத்துக்கொண்டே சொன்னார் யாழ்ப்பாணத்து ஓவர்சியர் கந்தப்பு.

லாரி டிரைவர் அய்யாவு இறங்கி ஓடி வந்தான். அவனுடைய லோடுகளில் ஓவர்சியர் வேண்டாமென்று கழிப்பது இது இரண்டாவது.

மலாயாவில், பத்து பாகாட் ரோட்டில் தார் போடும் வேலை. கல்லுமலையில் தார் கலந்த கல்லைச் சூட்டோடு ஏற்றி, ஆறு மைல் ஓட்டி வந்து கல்லை அமுக்கும் ரோட்டு இஞ்சின் முன்னால் கொட்ட வேண்டும். ஆறிப்போன கல் ரோட்டில் பிடிக்காது. மூன்று லோடு கெடுத்த டிரைவருக்கு வேலை இல்லை என்று துரை உத்தரவு போட்டிருந்தார். அந்தப் பக்கம் ஓடியது அய்யாவு லாரி ஒன்றுதான்.

அது 1931. ரப்பர் விலை விழுந்து, வேலை போனவர்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அய்யாவுவின் மனைவி செல்லம் நிறைமாதம். இந்த நிலையில் அவளை எப்படிக் கப்பல் ஏற்றுவது?

"ஐயா, ஆவி பறக்குது பாருங்க..."

"தெர்மாமீட்டர் பொய் சொல்லுமோ? ரோட்டில கொட்டாதேயும். அந்தச் சந்துக்குள்ள கொட்டும்."

ரோட்டிலிருந்து வேலையாட்களின் லயத்து வீடுகளுக்குப் போகும் முப்பது கஜச் சந்து அது; முதல் லோடும் அங்கேதான் போனது. கொட்டியதோடு அவர் விடவில்லை.

"குவியலாக் கிடக்கக் கூடாது. பரவிவிடும். இப்ப மேல லாரியை ஓட்டும். முன்னுக்கு... கோஸ்தான், பின்னுக்கு... திரும்ப முன்னுக்கு!"

பத்துத் தடவை. அய்யாவு ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி வியர்த்துப்போனான். கல் பரப்பும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

"கெட்டுப்போன கல்லு மேல எதுக்கு லாரி ஓட்டச் சொல்றாரு?" என்றாள் ஒருத்தி.

"எல்லாரும் பாக்க மானத்தை வாங்கத்தான்" என்றாள் காளியம்மா. "அந்தாளு நெஞ்சுல ஈரம் இருக்கா? ராஜம்மா செத்தப்பவே பாத்தோமே!"

இரண்டு மாதத்துக்கு முன்னால் லயத்து ராஜம்மாவுக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரி கார் சந்துச் சேற்றில் இறங்க முடியாமல் ரோட்டிலேயே நின்றுவிட்டது. பலகையில் வைத்துத் தூக்கி வந்தவர்கள் முழங்கால் சேற்றில் இரண்டு முறை வழுக்கினார்கள். கார் வரைக்கும் அவள் உயிர் தாங்கவில்லை. கந்தப்பு காலில் வெள்ளைச் சப்பாத்தோடு, குடை பிடித்து, ரோட்டு ஓரத்திலேயே நின்றார். ஓரடி சேற்றில் வைக்கவில்லை. லயத்தில் யாரும் அதை மறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, அய்யாவு லோடு மேல் இரண்டு வரிசை சாக்குப் போட்டு மூடினான். தேத்தண்ணிக்குக்கூட நிறுத்தவில்லை. ஆறு மைலும் முருகா முருகா என்றே ஓட்டி வந்தான்.

கந்தப்பு தெர்மாமீட்டரை எடுப்பதற்குள் அய்யாவு சாக்கை விலக்கி, கல்லுக்குள் கையை விட்டான். துடித்து இழுத்தான். உள்ளங்கை கொப்பளித்துப்போயிருந்தது.

"பாருங்கய்யா! கை வெந்து போச்சு! இன்னுமா சூடு பத்தலே?"

கந்தப்பு அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சூடு காணாது."

"ஐயா! பொண்டாட்டி நிறைமாசங்க. கப்பல்லயே செத்துருவாங்க!" அய்யாவு அவர் காலில் விழுந்தான்.

"தெரியும். எழும்பும். போய்க் கொட்டும். முன்னுக்கு... கோஸ்தான்..."

அன்றைக்குக் கல் லயத்து வாசற்படி வரை போய் முடிந்தது.

அதே லயத்தில் இருந்த தன் வீட்டில் அய்யாவு செல்லத்திடம் நடந்ததைச் சொல்லவில்லை. கைக்கு மருந்து போட்டவளிடம் இஞ்சின் சுட்டுவிட்டது என்றான். வெளியே சைக்கிள் மணி அடித்தாலே வேலை நீக்கக் கடிதத்தோடு பியூன் வந்துவிட்டான் என்று எட்டிப் பார்த்தான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெருமழை. செல்லத்துக்கு வலி கண்டது. பிள்ளை திரும்பியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் ஆயிற்று என்றாள் காளியம்மா. கார் கூப்பிட ஆள் ஓடியது. அய்யாவுக்கு ராஜம்மாவைத் தூக்கிப்போன பலகைதான் கண்ணில் நின்றது.

கார் சத்தம் கேட்டது. ரோட்டில் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. சந்துக்குள் திரும்பி, நேரே வாசற்படியில் வந்து நின்றது.

காளியம்மா காலடியைப் பார்த்தாள். கொட்டுகிற மழையிலும் சேறே இல்லை; தார்க்கல் இறுகிக் கிடந்தது.

சாயங்காலம் ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாள் காலை கந்தப்புவின் காலில் விழ ஆபீசுக்கு ஓடினான் அய்யாவு. அவர் நாற்காலி காலியாக இருந்தது.

"அவரா? வேலை போச்சு, நேத்தே பஸ் ஏறிட்டாரு" என்றார் கணக்கெழுதும் கிராணி அர்ச்சுனன். "மூணு லோடு வீணாச்சுல்ல?"

"அது என் லோடுங்க!"

"அவர் எழுதிக் குடுத்ததைக் கேளுங்க." கிராணி ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். "'மூன்று லோடும் நல்ல சூட்டோடுதான் வந்தன. கழித்தது என் குற்றம். டிரைவருக்கு எதுவும் தெரியாது.' உங்க வேலைக்கு ஒண்ணும் இல்லை. போய் லாரியை எடுங்க."

அய்யாவு வெந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கிராணி கடிதத்தை மடிக்கப்போனவர் மறுபடி பார்த்தார்.

"இவ்வளவு கணக்கா இருக்கிற மனுஷன், தேதியைப் போய்த் தப்பாப் போட்டிருக்காரே! முதல் லோடைக் கழிக்கிறதுக்கு முந்தின நாள் தேதியில்ல இருக்கு?"