கெடு தாண்டிய அப்பீல்

அப்பீல் போடக் கொடுத்த முப்பது நாள் கெடு முடிந்து, மேற்கொண்டு நாற்பத்திரண்டு நாளும் ஓடிவிட்டது. அதற்குமேல் பிரகதாம்பாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டைப் பூட்டினாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது. மன்னார்குடி பஸ் ஏறி, முன்பின் தெரியாத ஒரு வக்கீல் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“இனிமே அப்பீல் போட வழி இருக்குங்களா?”

“தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம்மா. காரணம் சொல்லணும். உடம்பு முடியலையா?”

“இல்லீங்க. கோர்ட்டுக் கடுதாசி வரும்னு தினம் தபால்காரரைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்.”

“எதிராளி யாரு?”

“கூடப்பொறந்த அண்ணன், அமிர்தலிங்கம். பொண்ணுக்கும் சொத்துல பங்குன்னு சட்டம் வந்தப்ப, நஞ்சையில பாதி கேட்டுப் போட்ட கேசு. பதினோரு வருஷம். பேச்சு வார்த்தை கிடையாது. ஆனா வாய்தா தவறாம வந்து எதிர் பெஞ்சுல உட்காருவாரு. டவாலி ரெண்டு பேர் பேரையும் கூப்பிடுவாரு. சேர்ந்து எழுந்து போவோம்.”

வக்கீல் தீர்ப்பு நகலை வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் கண்ணை நிறுத்தினார்.

“என்னம்மா இது? கேஸ்ல ஜெயிச்சதே நீங்கதானே! அப்பீல் போடவேண்டியவர் உங்க அண்ணன்.”

“அவருக்காகத்தாங்க கேக்க வந்தேன்.” பிரகதாம்பாள் தலை நிமிரவில்லை. “இன்னும் வழி இருக்குன்னு யாராவது அவர்கிட்ட சொல்லுங்களேன். வாய்தா இல்லைன்னா நான் அவரை எங்க போய்ப் பார்ப்பேன்?”