கையிருப்பு ஒன்று

கிரேன் வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. வேல்குமார் ஷெட் சாவியைத் தரமாட்டேன் என்கிறான்.

எங்கள் பனியன் தொழில் பூங்காவுக்குக் கரண்ட் கொடுக்கிற கம்பெனியின் மேனேஜர் அவன். இங்கே யூனிட் வைத்திருக்கிற எல்லோரும் அந்தக் கம்பெனியில் பங்குதாரர்கள். நானும்தான். பேர்தான் பங்குதாரர், நிற்பது பிச்சைக்காரனாட்டம்.

காலையில் எங்கள் வீதி டிரான்ஸ்பார்மர் புகைந்து போச்சு. தையல் மெஷின் அத்தனையும் நின்றுவிட்டது. ஜெனரேட்டரைப் போன மாசமே விற்றாச்சு.

நாளைச் சாயங்காலம் கண்டெய்னர் கிளம்பணும். தவறினால் சரக்கை என் செலவில் பிளேனில் அனுப்பணும். அப்படி அனுப்பினால் யூனிட்டை மூடிவிட்டு, நானே எவன் கம்பெனியிலாவது செக்கிங் வேலைக்குப் போகவேண்டியதுதான்.

என் வீட்டுக்காரி நாகஜோதிக்கு ஒரே காரணம்தான். இந்த டிரான்ஸ்பார்மருக்குப் பொட்டே வைக்கவில்லையாம்.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கிறவள், லைன்மேனைக் கெஞ்சிக் கரண்டை நிறுத்தச் சொல்லி, டிரான்ஸ்பார்மருக்கும் வைப்பாள். குங்குமம் மழையில் கரைகிறதென்று போன பூஜைக்குச் சிவப்பு நகப்பாலிஷால் வைத்தாள். அந்த டிரான்ஸ்பார்மர் தை மாசம் எரிந்தது. கம்பெனிக்காரர்கள் அதைக் கழற்றிக்கொண்டு போய் வேறொன்றை மாட்டினார்கள். பொட்டு இருந்தும்தானே எரிந்தது என்று கேட்டால் அடிக்க வருவாள்.

கம்பெனியின் வருஷக் கணக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வழவழத் தாளில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தார்களே, அதுதான். லாபம் ஏறியிருக்கிறது. சொத்து ஏறியிருக்கிறது. கையிருப்பில், ஷெட்டில், புது டிரான்ஸ்பார்மர் ஒன்று, படத்தோடு. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினோம்.

வேல்குமார் அதையும் இதையும் சொன்னான். பேங்க்காரர்கள் பார்க்க வருகிறார்களாம். அதுவரை அதை அசைக்கக்கூடாதாம். கொலுவில் வைக்கவா வாங்கினீங்க தம்பி என்று கேட்டேன்.

என்னைவிட எவ்வளவோ சின்னவன். கையெடுத்துக் கும்பிட்டேன். அழுதும்விட்டேன், இதில் வெட்கமென்ன.

கடைசியில் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீங்களே போய்ப் பாத்துக்குங்கண்ணா."

ஷெட்டைத் திறந்து தார்ப்பாயை இழுத்தேன். அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது. புத்தம்புதுசு. சாம்பல் நிறம். பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. கிரேன்காரரை உள்ளே வரச்சொல்லிக் கையாட்டினேன்.

கொக்கி மாட்ட இடம் பார்த்துக்கொண்டே பின்பக்கம் போனேன்.

அங்கே ஒரே ஒரு இடத்தில் பெயிண்ட் படவில்லை. பெயிண்டர் அதைச் சுற்றிப் பிரஷ்ஷைப் பதனமாகத் திருப்பித் திருப்பி அடித்திருக்கிறான். சாமிக்கு வைத்ததன்மேல் அடிக்க அவனுக்கு மனசு வரவில்லை, பாவம்.

சிவப்பு வட்டம். நகப்பாலிஷ்.

விரலை மடக்கித் தட்டினேன். காலித் தகர டின் சத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

போன் அடித்தது. நாகஜோதி.

"ஏனுங்க, கெடச்சுதுங்களா? இந்த வாட்டி பொட்டு வெச்சுட்டு மாட்டச் சொல்லுங்க."

"வெச்சுத்தான் இருக்குது," என்றேன்.