பின்னால் வரும் மாப்பிள்ளை

போன வருஷம் நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டு வந்த மனிதரிடம் தன் கணவன் வாராவாரம் தோற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த மனிதர் சொந்த அண்ணன்தான். இருந்தாலும் பொறுக்கவில்லை.

ஆறு நாளும் பேக்கரியில் நின்று வீங்கிய கால்களை நாற்காலியில் தூக்கிப் போட்டபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தின் நடுவில் சைக்கிள். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஒரு கனத்த இயந்திரத்தில் மாட்டியிருந்தது. என்ன மிதித்தாலும் ஓர் அடி நகராது. எதிரே டி.வி.யில் மட்டும் ஒரு மலைப்பாதை ஓடியது. அதில் மிதிக்க மிதிக்க நகரும் இரண்டு சைக்கிள் பொம்மைகள். பின்னால் திணறுவது கணவன். முன்னால் போவது, ஊரின் இன்னொரு கோடியில் தன் வீட்டில் இதே மாதிரி மிதித்துக்கொண்டிருக்கும் அண்ணன்.

காலையில் தொடங்கினால் மதியம் தாண்டித்தான் முடியும் அந்தப் பாதை. நடுவில் இறங்கினால் அன்றைய பாடு வீண். மலை ஏறலாம், ஆனால் நிதானமாக என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் இன்னும் ஒரு தடவைகூட உச்சியைத் தொட்டதில்லை.

"என்ன மாப்பிள்ளை, ஓட்டுறியா, உருட்டிட்டு வர்றியா?" என்றது ஸ்பீக்கரில் போட்டிருந்த போன்.

"வர்றேன் மச்சான்." கணவன் சிரித்தான். மூச்சு வாங்கியதில் அது இருமல் மாதிரி வந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லிப்ட் மெக்கானிக் அவன். ஓடாத லிப்டைப் பார்க்க ஒரு நாளைக்கு எத்தனையோ மாடி ஏறி இறங்குகிறவன். ஒட்டிய வயிறு. இவனால் ஒரு நோயாளியைத் தாண்டிப் போக முடியவில்லையாம். ஒன்று ஜெயியுங்கள், இல்லாவிட்டால் இதைத் தலைமுழுகிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது என்னை வெளியே கூட்டிப்போங்கள் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது. அவர் உச்சிக்குப் போகட்டும் என்பான்.

விட்டுக்கொடுக்கிறானோ என்றும் நினைக்க வழியில்லை. ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தான். அண்ணன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பிள்ளைகள் வைத்த பெயர் விசில். ஓடப் பயந்து வயிற்றுவலி என்று நடிப்பவனை மைதானத்தின் அந்தக் கோடியிலேயே பிடித்துவிடுவார். இவனையும் பிடித்துவிட்டார். மூச்சே வாங்கலையே, எனக்குப் பிச்சை போடுறியா என்று கேட்டுவிட்டு சைக்கிளைப் போர்வையால் மூடியவர், ஒரு மாதம் அதன் பக்கமே போகவில்லை. கட்டிலும் சுவருமாகக் கிடந்தார். இப்படியே விட்டால் ஆளே போய்விடுவார் என்று அண்ணி வந்து அழுதாள்.

இனிமேல் முழு மூச்சாகத்தான் ஓட்டுவேன் என்று இவன் சத்தியம் செய்த பிறகே அண்ணன் மறுபடி ஏறினார். அதில் பொய்யும் இல்லை. கீழே விரித்த துண்டு நனைந்து தரை வரை ஈரம். நிஜமாகவே தோற்கிறான். அதுதான் அவமானம்.

கடைசி ஏற்றம் வந்தது. கணவன் திடீரென்று தொடையைப் பிடித்துக்கொண்டான். சதை கட்டியாகச் சுருண்டிருந்தது. சத்தம் வராமல் இறங்கி, தரையில் உட்கார்ந்து, சைக்கிளைக் காட்டி அவளிடம் கையெடுத்துக் கும்பிட்டான்.

நான் நின்றால் அவரும் நின்றுவிடுவார் என்பது அந்தக் கும்பிடிலேயே இருந்தது.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். வேலைக்கு சைக்கிளில் போய்வருகிறவள்தான். ஆனாலும் முதல் மிதியிலேயே திக்கென்றது. கேரியரில் ஓர் ஆளை உட்காரவைத்து மேட்டில் மிதிக்கிற கனம். நாலு சுற்றுக்குள் வாயால் மூச்சு விட்டாள்.

"ரொம்ப வாங்குதே மாப்பிள்ளை," என்றார் அண்ணன். குரலில் இப்போது கேலி இல்லை. "பேசாதே. மூக்கால இழு. அவசரமே இல்ல, நான் மெதுவாத்தான் போறேன். என் பின்னாலேயே பிடிச்சுக்கிட்டு வா."

அந்தக் குரலை அவள் கேட்டு வெகுநாளாகிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால், மைதானத்தில் கடைசியாக ஓடிவரும் பிள்ளையோடு கூடவே ஓடும்போது அப்படித்தான் பேசுவார்.

கண்ணில் வியர்வை இறங்கியது. அவள் மிதித்தாள். கொஞ்ச நேரத்தில் முன்னால் போன பொம்மை உச்சியில் இருந்த வளைவுக்குள் நுழைந்தது. அந்தப் பக்கம் அண்ணி கைதட்டுவது கேட்டது. அண்ணன் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் வந்தது.

கணவன் எட்டி, போன்மேல் துண்டைப் போட்டு மூடினான்.

"இதுல ஏதோ கோளாறு," அவளுக்கு வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "இவ்வளவு கனமா இருக்குமா?"

"கோளாறு இல்ல. ஓட்டுற ஆளோட எடையை நாமதான் அதுக்குச் சொல்லணும். எடை ஏற ஏற, மேட்டுல கனமும் ஏறும்."

"நீங்க அறுபது கிலோகூட இல்லையே?"

தொடையை நீவியபடியே அவன் டி.வி.யைப் பார்த்தான்.

"தொண்ணூறுன்னு சொல்லி வச்சிருக்கேன். அப்பத்தான் உயிரைக் கொடுத்து மிதிச்சாலும் அவருக்குப் பின்னால வருவேன்."